சிர்க்கோன் மணிகளும் பிரிந்த கண்டங்களும்

கடல்கொண்ட நிலத்தைப் பற்றிக் கேளாத தமிழ் மாணவர் இலர். குமரிக்கண்டம் என்னும் பெயரோடு இலெமூரியா என்னும் பெயரையும் சேர்த்து வழங்குதல் நம்மவர் வழக்கு. 1864ஆம் ஆண்டில் பிலிப் சிலேற்றர் என்னும் ஆங்கில விலங்கியலறிஞர் இட்ட பெயர் அது. மடகாசுக்கரிலும் இந்தியாவிலும் ஒத்த இன விலங்குகள் காணப்படுதற்குக் காரணங் கூறவேண்டி, இடையிலே முன்னொரு பெருநிலம் இருந்திருத்தல் வேண்டும் என அவர் கருதினார். அந்நிலம் கடலுள் அமிழ்ந்தது எனப் பின்வந்தோர் பேசலாயினர்.

அத்தகைய தொடர்பு உண்மையில் இருந்ததா? இருந்தது. ஆயின் நிலம் அமிழவில்லை, பிளந்து அகன்றது. கண்டங்களின் பாறை கடலடிப் பாறையினும் இலேசானது. ஆதலின் ஒரு பெருங்கண்டம் அவ்வாறு ஆழ்கடலுள் மறைதல் இயலாது. கண்டங்கள் இடம்பெயர்வன என்னும் கொள்கையை 1912ஆம் ஆண்டில் அல்பிரட் வெகெனர் வெளியிட்டார். அக்கொள்கைக்கு இன்று வலிய சான்று பகர்வனவற்றுள் ஒன்று சிர்க்கோன் என்னும் சிறு மணியாகும்.

மாத்தறை வைரம் என இரத்தின வணிகர் விற்பதும், புல்மோட்டைக் கனிய மணலிலே கலந்து கிடப்பதும் இதுவே. உருகிய பாறை குளிருங்கால் இம்மணி தோன்றும். அப்பொழுது அது யுரேனியத்தைச் சிறிதளவு தன்னுள் ஏற்கும். ஈயத்தையோ பெரும்பாலும் ஏற்பதில்லை. யுரேனியம் தானே சிதைந்து காலப்போக்கில் ஈயமாக மாறும். யுரேனியம் 238இன் ஒரு பாதி மாற ஏறக்குறைய 447 கோடி ஆண்டு செல்லும். யுரேனியம் 235இன் ஒரு பாதி மாற ஏறக்குறைய 70 கோடி ஆண்டு செல்லும். எனவே மணியினுள் உள்ள ஈயத்தையும் யுரேனியத்தையும் அளந்தால் அதன் வயது புலப்படும். இரு கணக்குகளும் ஒரே விடையைத் தருமாயின் ஐயத்துக்கு இடமில்லை. மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளிற் கிடைத்த ஒரு மணியின் வயது ஏறக்குறைய 440 கோடி ஆண்டு.

இம்மணிக்கு மற்றுமொரு சிறப்புண்டு. பாறை மீண்டும் பெருவெப்பத்துக்கு உள்ளாயின், பழைய மணியைச் சுற்றிப் புதிய படை வளரும். நடுப்பகுதி பிறந்த காலத்தையும், புறப்படை பின்னர் வெந்த காலத்தையும் காட்டும்.

ஏட்டுச்சுவடிகளை ஆராய்வோர், இரண்டு பிரதிகளில் ஒரே பிழைகள் ஒரே இடங்களிற் காணப்படின், அவை ஒரு மூலத்திலிருந்து வந்தவை எனத் துணிவர். பாறைகளை ஆராய்வோர் செய்வதும் அதுவே. வயது ஒன்று மட்டும் ஒத்தால் அமையாது. நடுப்பகுதியின் வயது, புறப்படையின் வயது, பாறையின் இயல்பு ஆகிய பலவும் ஒத்தல் வேண்டும்.

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய பாறையாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல்லோ பிற்காலத்தது. மத்திய மலைநாட்டுப் பாறைகளிலுள்ள சிர்க்கோன் மணிகளை அயனிக்கற்றைக் கருவியால் ஆராய்ந்து, அறிஞர் சிலர் 1987ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டனர். சில மணிகளின் நடுப்பகுதி 200 கோடி ஆண்டுக்கு மேற்பட்டது; பாறைகள் கடுமையாக வெந்ததோ ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னராகும். ஏறத்தாழ அதே காலத்து வெப்பத்தின் சுவடு தென்னிந்தியாவிலும், மடகாசுக்கரிலும், பனிமூடிய அந்தாட்டிக்காவின் லுட்சோ ஹோம் குடாக் கரையிலும் உண்டு. கண்டங்கள் மோதிக் கோண்டுவானா என்னும் பெருநிலமாக இணைந்த காலம் அது. ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பெருநிலம் பிளக்கத் தொடங்கிற்று.

இக்காலக்கணக்கை நாம் மனத்திருத்தல் வேண்டும். அப்பிளவு நிகழ்ந்த ஞான்று மனிதன் தோன்றவில்லை, மொழியும் இல்லை. ஆதலின் கோண்டுவானாவைக் குமரிக்கண்டமெனக் காட்டுதல் பொருந்தாது. தமிழின் தொன்மைக்கு அதன் நூல்களும் கல்வெட்டுகளும் போதிய சான்றாம். கற்கள் தம் வரலாற்றைத் தாமே கூறுகின்றன. அதனை உள்ளவாறு கேட்டு மாணவர்க்கு உரைத்தலே கற்றோர் கடன்.