பொங்கல் விற்பனையில் கைபேசி மோசடி

செங்கரும்பும் மஞ்சள் கொத்தும் காசாவது பொங்கலுக்கு முந்திய சில நாட்களில்தான். முன்பின் அறியாத வியாபாரிகள் கைபேசியில் விலை பேசுவதும் அப்போதுதான். மோசடிக்காரர்களுக்கு இந்த அவசரம் மிகவும் தோதானது.

"தோட்டத்துக் கரும்பு முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன், முன்பணம் அனுப்புகிறேன்" என்று கூறி, ஒரு கியூஆர் கோடு படத்தை அனுப்புவார்கள். அதை ஸ்கேன் செய்து பின் நம்பரை அழுத்தினால் பணம் வராது. விவசாயியின் கணக்கிலிருந்துதான் போகும். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. இதை வீட்டில் கைபேசியைக் கையாளும் பிள்ளைகளுக்கும் சொல்லிவைப்பது நல்லது.

"பணம் போட்டாயிற்று" என்று காட்டும் படத்தையோ குறுஞ்செய்தியையோ நம்பிக் கட்டுகளை லாரியில் ஏற்றக் கூடாது. கணக்கில் தொகை ஏறியிருப்பதைப் பார்த்த பிறகே வெட்டுக்கு ஆள் விட வேண்டும். வியாபாரி கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

பண்டிகை விடுமுறையில் வங்கி பூட்டியிருக்கும். திறக்கட்டும் என்று காத்திருந்தால் பணம் பல கணக்குகளுக்குக் கைமாறிவிடும். ஏமாந்தது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணுக்குப் பேசி, தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கூற வேண்டும். பணம் எடுக்கப்படும் முன்பே தகவல் போய்ச் சேர்ந்தால், அதை அந்தக் கணக்கிலேயே நிறுத்திவைக்க வழியுண்டு.