உங்களுக்குத் தெரியுமா? ஐந்தரை மணி நேர வித்தியாசம்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வாயிலாக, கள்ளக்குறிச்சிச் சமவெளியிலும் கல்வராயன் மலையிலும் உள்ள அரசுப் பள்ளி மாணவர்களின் இல்லங்களை அடைந்த யந்திரங்கள் பலவற்றில், விண்டோஸுடன், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை ஆதாரமாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது மிக நல்ல காரியம்.

இவ்விதம் இரண்டு இயங்குதளங்கள் ஒருங்கே வாசம் செய்கையில், தாய்ப்பலகையின் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் வழக்கமாக உலகப் பொது நேரமாகவும் கொள்வதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது நேரம் சரியாக 5 மணி 30 நிமிஷம் பிசகிக் காட்டுவதுண்டு. இது பழுதன்று, இதன்பொருட்டு மலையிறங்கிக் கடைக்குச் செல்ல வேண்டியதுமில்லை. வன்பொருட் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகக் கொள்ளும்படி லினக்ஸின் அமைப்பை ஒருமுறை மாற்றினால் போதும்.

அவ்வாறன்றி, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதியே பல வருஷம் பின்னோக்கிப் போகுமாயின், தாய்ப்பலகையின் 3 வோல்ட் பொத்தான் மின்கலம் தீர்ந்திருக்கக்கூடும். தேதி பொருந்தாதபோது இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களை உலாவி நிராகரித்துவிடுவதால், இணையத் தொடர்பே கெட்டதென்று பலர் வீணே கலங்குகின்றனர்.