கல்லாப்பெட்டி யார் கையில்?

வேடிக்கை மனிதர்கள் – 7

நியூயார்க்கில் பார்னமின் அருங்காட்சியகம் 1865-ல் எரிந்துபோனதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். கட்டடம் போனதே தவிர, வித்தியாசமான உடல்வாகு கொண்டவர்களைக் காசுக்குக் காட்டும் தொழில் போகவில்லை. கூடாரத்துக்குள் புகுந்து, ரயிலேறி ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்தது. பனி கொட்டும் மாதங்களில் பொருட்காட்சிக்கு யார் வருவார்கள்? அந்தக் காலத்தைக் கழிக்க இந்த மேடைகளில் ஏறிய கலைஞர்கள் ஒதுங்கிய ஊர்களில் ஒன்று, ஃப்ளோரிடாவில் டாம்பா நகருக்குத் தெற்கே அலஃபையா ஆற்றங்கரையில் இருக்கும் கிப்சன்டன்.

அல் டொமைனி அங்கே குடியேறியவர். எட்டு அடிக்கும் மேல் உயரம் என்று விளம்பரத்தில் போடுவார்கள். மனைவி ஜீனி கால்கள் இல்லாமல் பிறந்தவர். உயரம் இரண்டரை அடி. மேடையை விட்டபின் இருவரும் ஆற்றோரம் மீன்பிடிக்க வருகிறவர்களுக்கு விடுதி நடத்தினார்கள். ஊர்த் தீயணைப்புப் படைக்கு அல்தான் தலைவர். உயரம் குறைந்தவர்களுக்கென்று தபால் ஆபீஸில் ஒரு கவுன்ட்டரைத் தாழ்வாகவே கட்டியிருந்தார்கள். அவர்களை அங்கே யாரும் நின்று பார்த்ததில்லை. தபால்தலை வாங்க வந்த ஆள், அவ்வளவுதான்.

சம்பளம் போக, தங்கள் புகைப்பட அட்டைகளை விற்றும் இவர்கள் சம்பாதித்தார்கள். ராட்சத உயரக்காரர்கள் மோதிரம் விற்பார்கள். அவர்கள் விரல் அளவுக்குச் செய்த அந்த மோதிரத்துக்குள் அரை டாலர் நாணயம் தாராளமாக நுழைந்து வெளியே வரும். நாணயத்தைப் போட்டுக் காட்டித்தான் விற்பதே. அந்தக் காசு அவர்களுக்கே.

எல்லோருக்கும் இப்படி வாய்க்கவில்லை. 1908-ல் பிரைட்டனில் ஒட்டிப் பிறந்த ஹில்டன் சகோதரிகள் வயலெட், டெய்சி இருவரையும் வளர்த்தவர்கள் குழந்தைப் பருவத்திலிருந்தே மேடையேற்றி, வந்த பணத்தையெல்லாம் தாங்களே வைத்துக்கொண்டார்கள். அமெரிக்கா முழுக்கப் பெயர் தெரிந்த நட்சத்திரங்கள், கையில் செலவுக்குக் காசில்லை. 1931-ல் சான் அன்டோனியோ நீதிமன்றம்தான் அவர்களை விடுவித்தது. அவர்களை நசுக்கியது மேடையல்ல, கல்லாப்பெட்டியைப் பூட்டிவைத்த கைகள் என்றே நான் நினைக்கிறேன்.

ஃப்ளோரிடாவின் சட்டமோ மேடையையே குற்றவாளியாக்கியது. உடல் குறையுள்ளவர்களைக் காசு வாங்கிக்கொண்டு காட்சிக்கு வைக்கக் கூடாது என்று 1921-ல் அங்கே சட்டம் போட்டார்கள். அவர்களைக் காப்பாற்றுவதாக நினைத்துப் போட்டதாகவே இருக்கட்டும். அவர்கள் வீடு கட்டி வரி கட்டிய மாநிலத்திலேயே அவர்கள் தொழில் சட்டவிரோதமாக இருந்தது. வேறு என்ன வேலை தருவோம் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டாமா?

இதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் ஒருவர் ஸ்டான்லி பெரன்ட். மேடைப் பெயர் சீலோ. அவருக்குப் புயமும் முழங்கையும் இல்லை; உள்ளங்கைகள் தோளிலிருந்தே முளைத்தவை. அந்தக் கைகளால் சவரம் செய்துகாட்டுவார், ரம்பம் பிடித்து மரம் அறுத்துக்காட்டுவார். இன்னொருவர் நெருப்பு விழுங்கும் நார்பர்ட் டெர்ஹூன், மேடைப் பெயர் பூபா, உயரம் குறைந்தவர். இருவரும் கேட்டது அனுதாபத்தை அல்ல, பிழைக்கும் உரிமையை. 1972-ல் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அப்போது சீலோவுக்கு எழுபதை ஒட்டிய வயது.

(தொடரும்)