பெங்களூருவைக் காலையில் பாருங்கள்

பெங்களூருவைச் சுற்றிப் பார்க்கப் போகும் நம்மவர்களில் பலர் ஒயிட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ உறவினர் வீட்டில் தங்குகிறார்கள். பாதிப் பொழுது டிராஃபிக்கில் கரைந்துபோக, ஊரையே அலுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். பழைய தெற்குப் பகுதியான பசவனகுடி, ஜெயநகர் பக்கம் தங்கினால் இந்த அலைச்சலே இல்லை. ரயில் நிலையத்தை ஒட்டிய மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தட மெட்ரோவில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் நேஷனல் காலேஜ், அடுத்தது லால்பாக். செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு மெஜஸ்டிக்கை அடுத்த காந்திநகரில் லாட்ஜுகள் ஏராளம்.

இந்த ஊரின் சிறந்த சாப்பாடு காலை டிபன். அதற்காகவாவது சீக்கிரம் எழுந்துவிட வேண்டும்.

பசவனகுடியின் காந்தி பஜாரில் இருக்கிறது வித்யார்த்தி பவன். 1943-இல் அக்கம்பக்கத்து மாணவர்களுக்காகத் தொடங்கிய சிறிய ஓட்டல். சர்வர்கள் ஒரு கை நிறைய தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு மேசைக்கு மேசை வருவதே பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. மசாலா தோசை தடிமனாக, வெளியே மொறுமொறுவென்று செம்பழுப்பாக இருக்கும். சாம்பார் தரமாட்டார்கள், நீர்க்கக் கரைத்த தேங்காய்ச் சட்னிதான். சாம்பாரில் தோசையைக் குளிப்பாட்டும் நமக்கு முதல் வாயில் ஏமாற்றம் வரலாம், மூன்றாவது வாயில் நிச்சயம் வராது. வெள்ளிக்கிழமை விடுமுறை.

தோசை செரிக்க நடந்தால் பெரிய நந்தி கோயில். ஒரே கல்லில் செதுக்கிய நந்தி, சுமார் 15 அடி உயரம். கார்த்திகை மாதக் கடைசித் திங்களன்று இங்கே கூடும் கடலைக்காய்த் திருவிழாவுக்கு வேர்க்கடலை மலைமலையாக வந்து குவியும்.

லால்பாக் சாலையிலுள்ள எம்.டி.ஆர். 1924-இல் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ரவையைக் கொண்டு இட்லி வார்த்துப் பார்த்தது தாங்கள்தான் என்கிறது இந்த ஓட்டல். நெருக்கடி நிலைக் காலத்தில் அரசு விலைக் கட்டுப்பாடு விதித்தது. அந்த விலைக்குத் தரத்தைக் குறைத்துப் பரிமாற மனமில்லாமல் ஓட்டலை மூடிவிட்டு, மாவுப் பொட்டலங்கள் விற்கத் தொடங்கினார்கள். இன்று நம் மளிகைக் கடைகளில் தொங்கும் எம்.டி.ஆர். பாக்கெட்டுகள் அப்படித் தொடங்கியவை. பிறகு மீண்டும் திறந்த ஓட்டல் திங்கட்கிழமை மூடியிருக்கும், ஞாயிறு காலை என்றால் கூட்டத்தில் காத்திருக்கத் தயாராகப் போங்கள்.

பக்கத்திலேயே லால்பாக், 240 ஏக்கர். 1760-இல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் வளர்த்த தோட்டம். குடியரசு நாள், சுதந்திர நாளை ஒட்டி நடக்கும் மலர்க் கண்காட்சிக்குக் கண்ணாடி மாளிகையில் நெரிசல் தாங்காது. மற்ற நாட்களில் போய், கெம்பெகௌடா கோபுரம் நிற்கும் பாறைமீது ஏறிப் பாருங்கள். அந்தப் பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள்.

மாலையில் வி.வி.புரம் தின்பண்டத் தெரு. ஹோளிகே எனும் போளியைச் சுடச்சுட நெய்யோடு வாங்கலாம்.

இன்னொரு நாள் இருந்தால் ஊதா வழித்தடத்தில் அலசூர். தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. சோமேசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டு ஏரிக்கரைக்குப் போனால் திருவள்ளுவர் சிலை. சுமார் 18 ஆண்டுகள் மூடியே கிடந்த அதை 2009 ஆகஸ்ட் 9 அன்று அன்றைய கர்நாடக முதல்வர் எடியூரப்பாவின் முன்னிலையில் அன்றைய தமிழக முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். பதிலுக்கு, நான்கு நாள் கழித்து, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது.