யானைத்தீயும் சிற்றிரைப்பையும்

பசியை நோயென்று கருதுவது தமிழ் மரபு. பசிப்பிணி என்னுஞ் சொல் நம் இலக்கியங்களிற் பலவிடத்தும் பயின்று வருவதை அறிஞர் அறிவர். அந்நோய் இருவகைத்து என்பதை மணிமேகலைக் காப்பியம் நமக்குக் காட்டும். உணவு கிடையாமையால் வருவது ஒன்று; எவ்வளவு உண்டாலும் தணியாது வருத்துவது மற்றொன்று. பன்னீராண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனியைக் காலால் மிதித்துச் சிதைத்த காயசண்டிகை, விருச்சிக முனிவரின் சாபத்தால் யானைத்தீ என்னும் இரண்டாம் வகை நோயை அடைந்தாள். மணிபல்லவத்திற் பெற்ற அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட உணவே அத்தீயை அவித்தது. அம்மணிபல்லவம் நம் நாட்டு நயினாதீவே என்று கொள்வாரும் உளர்.

பாடசாலையிலும் கீழைத்தேயக் கல்லூரியிலும் தமிழ் கற்பிக்கும் என் போன்றோர்க்கு இக்கதை புதியதன்று. ஆயினும், தீயவிந்த வயிற்றோடு வாழ்தல் எத்தகையது என்பதைக் காப்பியம் கூறவில்லை. நோய் நீங்கிய காயசண்டிகை வான்வழியே தன் ஊர் நோக்கிப் புறப்பட்டுவிடுகிறாள். நிலத்தில் வாழ்வோராகிய நமக்கு அவ்வசதி இல்லை. நோய் தணிந்த மறுநாளும் அடுப்பு எரியும், விருந்தினர் வருவர், பொங்கலும் தீபாவளியும் வரும். உடற்பருமன் குறைக்கும் சத்திர சிகிச்சையை ஈராண்டுக்கு முன் கொழும்பிலுள்ள வைத்தியசாலையொன்றிற் செய்துகொண்டவன் என்ற முறையில், அந்த மறுநாள்களைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

முதலில், இச்சிகிச்சை யாதென அறிதல் வேண்டும். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை அகற்றிய நோயாளர் உடல் மெலிவதைக் கண்ட அமெரிக்க வைத்தியர் எட்வேட் மேசன் என்பார், 1966 ஆம் ஆண்டில் அயோவாப் பல்கலைக்கழகத்தில், இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் முறையைத் தொடங்கினார். அதன்பின் முறைகள் பல தோன்றின. எனக்குச் செய்தது, இரைப்பையின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை நெடுக வெட்டி அகற்றி, எஞ்சியதை ஒடுங்கிய குழாய் போல ஆக்கும் முறையாகும். ஒரு லீற்றருக்கு மேற் கொள்ளும் பை, 100 முதல் 150 மில்லிலீற்றர் மட்டுமே கொள்ளும் குழாயாகிவிடும். சிறிய தேநீர்க் கோப்பையின் அளவு அது.

வியப்புக்குரிய செய்தி இன்னொன்றுண்டு. பசியைத் தூண்டும் ஓமோன் ஒன்றை யப்பானிய அறிஞராகிய கொஜிமா, கங்காவா ஆகியோர் 1999 இற் கண்டறிந்து அதற்குக் கிரெலின் எனப் பெயரிட்டனர். அது பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் மேற்பகுதியில். வெட்டி அகற்றப்படுவதும் அப்பகுதியே. ஆதலால், இடம் குறைவதோடு பசியும் குறைகிறது. முனிவரின் சாபமென்று பண்டையோர் கூறிய தீக்கு உடலிலே ஓர் உலைக்களம் உண்டென்பதை இக்காலத்து விஞ்ஞானம் காட்டுகின்றது.

இச்சிகிச்சையை அழகுக்காகச் செய்யும் ஆடம்பரம் எனச் சிலர் எண்ணுவர். எனக்கு அப்போது வயது 53. எடை 118 கிலோகிராம். நாளுக்கு இருமுறை இன்சுலின் ஏற்றியும் நீரிழிவு கட்டுப்படவில்லை. ஆசிய மக்களை நீரிழிவு குறைந்த எடையிலேயே பற்றிக்கொள்வதால், உடற்றிணிவுச் சுட்டி 27.5 ஐ எட்டிய ஆசியருக்கும் இச்சிகிச்சை குறித்து எண்ணலாம் என உலக வைத்திய சங்கங்கள் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது. மேலைநாட்டாருக்கு முன்பு வகுத்திருந்த எல்லை 40. வேறு நோய்கள் உடனிருப்பின் 35.

நம் தோட்டப்புற மக்களுக்கு இதில் வேறொரு பொருளும் உண்டு. நான் பசறைப் பகுதித் தோட்டமொன்றில் 1970 இற் பிறந்தவன். உலகச் சந்தையில் தானிய விலை ஏறிய 1973, 1974 ஆம் ஆண்டுகளில் இந்நாட்டிற் பங்கீட்டு அரிசியும் மாவும் சுருங்கின. தோட்டங்களிற் பசியால் மாண்டோர் பலர். ஒரு ரொட்டியை நான்காகக் கிழித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுச் சாயத்தண்ணீரோடு கொழுந்து பறிக்கச் சென்ற தாய்மார் கதையை இன்றும் லயங்களிற் கேட்கலாம். என் அன்னையும் அவர்களுள் ஒருத்தி. அவள் அப்போது என் தம்பியைச் சுமந்திருந்தாள். அவனுக்கு நாற்பது வயதிலேயே நீரிழிவு கண்டது.

ஒருவர் கதை சான்றாகாது. ஆயினும், ஒல்லாந்து நாட்டில் 1944 இன் இறுதியிலும் 1945 இன் தொடக்கத்திலும் போரினால் நேர்ந்த கடும் பஞ்சத்திற் கருவிலிருந்தோரைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, ஐம்பது வயதளவில் அவர்களது உடல் சர்க்கரையைக் கையாளும் ஆற்றலிற் குறைந்திருந்தமை தெரியவந்தது. கருவிற் பசித்த உடல், சிக்கனத்தைக் கற்றுக்கொண்டே பிறக்கின்றது. பின்னர் வெள்ளைச் சோறும் கோதுமை மாவும் சீனியும் மிகுங்கால் அது தடுமாறுகின்றது. பசித்தவர் பிள்ளைகளுக்கு நீரிழிவு வருவது முரண்போலத் தோன்றினும், இரண்டும் ஒரே கொடியிற் காய்த்தவையாக இருத்தல் கூடும்.

இனிச் சிகிச்சைக்குப் பின்னுள்ள வாழ்வைக் கூறுவேன். முதலிரு வாரம் பருப்புத் தண்ணீர், வடித்த இரசம், எலும்புச் சாறு என நீராகாரம் மட்டுமே. அடுத்து, அரைத்துக் குழைத்த பயறும் மோரும் தயிரும். அதன்பின் மசித்த முட்டையும் அவித்த மீனும். இரண்டு மாதம் கழிந்த பின்னரே குழைந்த சோறு சிறிதளவு. முதல் நாள் நான்கு தேக்கரண்டிப் பருப்புத் தண்ணீரை அரைமணி நேரம் பருகினேன். ஐந்தாவது கரண்டியை வயிறு ஏற்கவில்லை.

புதிய வயிறு மூன்று ஒழுங்குகளை விதித்தது. முதலாவது, மெல்லுதல். ஒவ்வொரு வாயையும் இருபது முப்பது தடவை மெல்லவேண்டும். அவசரத்தில் விழுங்கிய ரொட்டித் துண்டு நெஞ்சுக்குக் கீழே கல்லாய் நிற்கும். இரண்டாவது, உண்ணும்போது நீர் அருந்தாமை. உணவுக்குப் பின்னும் அரைமணி நேரம் பொறுத்தே நீரைச் சிறுகச் சிறுகப் பருகவேண்டும். மூன்றாவது, புரதத்தை முதலில் உண்ணுதல். நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும். ஒரு முட்டையிற் கிடைப்பதோ ஏறத்தாழ 6 கிராமே. ஆகவே முட்டை, மீன், கடலை, பயறு ஆகியவற்றுக்கு இடங்கொடுத்த பின் வயிற்றில் இடமிருந்தாலே சோறு. கறியைத் தொட்டுக்கொண்டு சோறுண்ட நாம், சோற்றைத் தொட்டுக்கொண்டு கறியுண்ணவேண்டிய நிலை இது. நம் இலையின் நடுவிலிருந்த அரசன் ஓரத்துக்குப் போய்விட்டான்.

தேயிலை நாட்டினராகிய நாம் சிறப்பாக அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இரைப்பை சிறுத்தோர் இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் பி12, விற்றமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் மாத்திரையாக உட்கொள்ளல் வேண்டும். தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு உடல் ஏற்காதவாறு தடுக்கும். கல்சிய மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒருங்கே விழுங்குதல் ஆகாது. ஆதலால், விடியற்காலையில் எழுந்தவுடன் சாயத்தண்ணீர் என்ற எங்கள் வழக்கத்தை மாற்றி, இரும்பு மாத்திரைக்கு முதலிடமும் சீனியில்லாத தேநீருக்கு ஒரு மணி நேரத்துக்குப் பின் அடுத்த இடமும் வகுத்தேன். இரவு கல்சியத்துக்கு உரியது.

விற்றமின் பி1 பற்றியும் ஒரு சொல். சிகிச்சைக்குப் பின் தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு அச்சத்து விரைவில் அற்றுப்போகும். கால் மரத்தல், நடை தளர்தல், நினைவு மயங்கல் என அது முற்றும். இதுவே பெரிபெரி என்னும் நோய். உமி நீக்கித் தீட்டிய அரிசிக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை யாவாத் தீவிற் கண்ட ஐக்மன் என்பார் 1929 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மாட்டாமை, தளர்ச்சி என்ற பொருளுடைய சிங்களச் சொல்லிலிருந்தே அப்பெயர் பிறந்ததென ஆங்கில அகராதிகள் கூறும். நம் தீவின் சொல் உலக வைத்திய நூல்களில் ஏறியிருப்பதை எண்ணி மகிழ இயலாது. ஓயாத வாந்தியைப் பொறுத்திருக்கலாகாது என்ற எச்சரிக்கையாக அச்சொல்லை நினைவிற் கொள்ளலாம்.

பாடசாலை வாழ்விலும் மாற்றங்கள் நேர்ந்தன. இருபது நிமிட இடைவேளையில் ஒரு முட்டையும் இரண்டு கரண்டிக் கடலையுமே உண்ண முடியும். பாடத்துக்குப் பாடம் இரண்டு மிடறு நீர். நான்காம் மாதத்தில் தலைமயிர் உதிர்ந்தது, விரைவாக எடை குறைவோர்க்கு இது நேர்வதுண்டு, பின்னர் முளைத்தது. முன்பு தெரியாதிருந்த நமுனுகுல மலைக்காற்றின் குளிர் இப்போது எலும்பைத் தொடுகின்றது. ஓராண்டில் எடை 84 கிலோகிராமாயிற்று. இன்சுலின் நின்று, ஒரு மாத்திரையளவில் நீரிழிவு அடங்கியிருக்கின்றது. பதுளைப் பேருந்து நிலையத்திலிருந்து பாடசாலைக்கு ஏறும் மேட்டில் இளைப்பாறாது நடக்கின்றேன்.

இவையெல்லாம் உடலின் கதை. இதனினும் அரியது உறவின் கதை. நம்மவர் அன்பைச் சொல்லால் அளப்பதில்லை, அகப்பையால் அளப்பர். தைப்பொங்கலன்று பழைய மாணவன் ஒருவனின் லயத்துக்குச் சென்றிருந்தேன். அவன் தாயார் வாழையிலையிற் சர்க்கரைப் பொங்கலைக் குவித்தார். சீனி மிக்க உணவு விரைந்து குடலுக்குட் புகுந்தால் வியர்வையும் படபடப்பும் தலைச்சுற்றும் வரும். இரு கரண்டி உண்டு கைகூப்பினேன்.

"என்ன சார், எங்க வீட்டுச் சாப்பாடு புடிக்கலையா?" என்றார் அந்த அம்மையார். முகம் வாடிற்று.

"பிடிச்சதாலதான் அம்மா ரெண்டு கரண்டி சாப்பிட்டேன். என் வயிறு இப்ப கைப்பிள்ளை வயிறு" என்றேன்.

சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு அடுப்படிக்குச் சென்று, ஒரு சிறு கிண்ணத்தில் அவித்த பயற்றைக் கொணர்ந்து வைத்து, "மெதுவா சாப்பிடுங்க சார், நாங்க பேசிக்கிட்டு இருக்கோம்" என்றார். விருந்தோம்பல் என்ற பாடத்தை நான் பலமுறை நடத்தியதுண்டு. அன்று அந்த அம்மையார் நடத்தியதே சிறந்த பாடம். விருந்தினர் வயிற்றின் அளவை அறிந்து இடுவதும் விருந்தோம்பலே. இலையில் மிச்சம் வைத்தல் இழிவு, மறுசோறு வேண்டாமை அவமதிப்பு என்ற எண்ணங்கள் பசி ஆண்ட காலத்தில் அன்பின் காவலாக நின்றவை. நோயாளர் வாழும் வீட்டில் அவையே கொடுமையாக மாறிவிடும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் 95 ஆவது. அதன் பத்துக் குறள்களுள் ஆறு, மருந்தைப் பற்றிப் பேசாமல் உண்ணும் முறையைப் பற்றியே பேசுகின்றன. முன்னுண்டது செரித்ததை அறிந்து, ஒவ்வாதன நீக்கி, அளவோடு உண்பவனுக்கு மருந்து வேண்டாமென்பது அவற்றின் சாரம். இறுதிக் குறளோ நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து துணைபுரிவோன் என நால்வகைப்படுத்தும். கத்தி செய்யக்கூடியது இவற்றுள் ஒரு கூறே. கிரெலின் குறைந்து பசி தணிந்திருக்கும் காலம் ஓராண்டளவில் மெல்லக் கழியும். விருப்பு மீண்டு வரும். குழாயும் சிறிது நெகிழும். அப்போது காப்பது அதற்கிடையிற் படிந்த பழக்கம் ஒன்றே. என் வீட்டில் நான்காவது கூறாக விளங்குபவள் என் மனைவி. இரு வகைச் சமையலுக்கு இடங்கொடாமல் வீட்டார் அனைவருக்கும் பயறும் கீரையும் மீனும் முதலில் பரிமாறும் வழக்கத்தை அவளே தொடங்கினாள்.

அளவு என்றவுடன் குறைவு என்று பொருள்கொள்வோர் உளர். நாடளாவிய 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட சிறார்களுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாடு முழுவதும் 17.3 வீதம்; தோட்டப்புறத்தில் 31.7 வீதம். அந்தச் சிறாருக்கு அளவு என்பது ஒரு முட்டை கூடுதல். அவர்களைச் சுமக்கும் தாய்க்கு ஒரு கிண்ணம் பயறு கூடுதல். எனக்கோ ஒரு கரண்டி குறைவு. இன்று லயத்திற் கருவுற்றிருக்கும் பெண்ணின் தட்டு நிறைந்தால், ஐம்பதாண்டு கழிந்து அவள் பிள்ளைக்கு என்னைப்போற் கத்தியை நாடும் தேவை குறையும். ஆகவே ஆசிரியப் பெருமக்கள் மருந்து அதிகாரத்தைக் கற்பிக்குந்தோறும், வகுப்பிற் காலையுணவின்றி வந்த பிள்ளை எதுவென்று ஒருமுறை நோக்குவாராக.