தந்தையும் மகளும் புதுக்கும் ஊர்தி

இரண்டாம் உலகப் போரின் பின்னர் இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவிற்று. ஆதலின், 1948ஆம் ஆண்டு வெளிவந்த லாண்ட் றோவர் ஊர்தியின் மேலுடல் பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆக்கப்பட்டது, அடிச்சட்டமோ உருக்கினாலானது. அலுமினியம் உருக்கைப்போலத் துருப்பிடிப்பதில்லை. ஆனால், ஈரம் மிகுந்த அந்நாட்டில் அடிச்சட்டம் உள்ளிருந்தே இற்றுப்போதல் கூடும்.

ஆகவே, பழைய ஊர்தியைப் புதுக்க முனையும் தந்தையும் மகளும் முதலிற் கையிலெடுக்க வேண்டியது வர்ணத் தூரிகையன்று, சுத்தியலே. மெல்லத் தட்டுங்கால் நல்ல உருக்குக் கணீரென ஒலிக்கும். இற்ற இடம் மந்தமாக ஒலிக்கும். மூப்பினால் தந்தையின் செவி மங்கியிருக்கலாம். எங்கே தட்டுவதென்பதை அவர் அறிவார். எவ்வாறு ஒலித்ததென்பதை மகள் கூறுவாள். இற்ற பகுதியை வெட்டி நீக்கிப் புதுத்தகடு பொருத்திய பின்னரே வர்ணம் பூசுதல் தகும். தட்டவேண்டிய இடத்தையும் மகள் தானே அறியும்வரை தந்தை விரைதலாகாது.