சட்டமில்லாமல் திறந்த நூதனசாலை

கொழும்பு தர்மபால மாவத்தையில் ஜே.ஆர். ஜயவர்தன சிறுவயதில் வாழ்ந்த வீடு, 1988ஆம் ஆண்டின் 77ஆம் இலக்கச் சட்டத்தால் அவர் பெயரிலான நிலையமாயிற்று. அவருடைய நூல்களும் ஆவணங்களும், ஜனாதிபதியாக அவர் பெற்ற பரிசுகளும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. சட்டம் வந்தபோது நாட்டின் ஜனாதிபதி அவரேதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1983 ஜூலையில் தமிழர்மீது நடந்த வன்செயல்களை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடந்தவர்கள் அவரை நினைப்பது இந்தப் பரிசுகளைக் கொண்டல்ல.

கொழும்பின் இன்னொரு ‘நூதனசாலை’க்குச் சட்டமும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை.

2022 ஜூலை 9, சனிக்கிழமை. பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம். கோட்டையிலுள்ள ஜனாதிபதி மாளிகைக்குள் போராட்டக்காரர்கள் புகுந்தபோது அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அங்கே இல்லை. நீச்சல் குளத்தில் இளைஞர்கள் குதித்த காட்சி உலகமெங்கும் ஓடியது. அதைவிடச் சுவையானது அதன்பின் நடந்ததுதான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகச் சனம் வந்தது. வரிசையில் நின்று உள்ளே போய்க் கட்டிலையும் உடற்பயிற்சி அறையையும் பார்த்தது, கதிரைகளில் அமர்ந்து படம் எடுத்தது. மாளிகையில் கிடைத்த சுமார் 1 கோடி 78 லட்சம் ரூபாயைப் போராட்டக்காரர்கள் பொலிஸாரிடம் ஒப்படைத்தார்கள். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று வீட்டுக்காரர் தீர்மானிக்க முடியாத கண்காட்சி அது.

அந்த மாளிகை பழையது. கடைசி ஒல்லாந்த ஆளுநர் வான் ஆங்கல்பீக் கட்டியதை 1804இல் பிரித்தானியர் வாங்கினார்கள். பிறகு ஆளுநர்களும் மகாதேசாதிபதிகளும் இருந்தார்கள். கொழும்பிலிருந்து மற்ற ஊர்களுக்கான தூரத்தை அளப்பது அதன் முன்னாலுள்ள எட்வர்ட் பார்ன்ஸ் சிலையிலிருந்துதான்.

தமிழருக்கு அந்தத் தூரம் மைல்கணக்கில் மட்டும் அடங்கியதல்ல. போர்க்காலத்தில் கோட்டை உயர்பாதுகாப்பு வலயம். அடையாள அட்டையைக் காட்டாமல் அந்தப் பக்கம் நடக்க முடியாது. 2007 ஜூன் 7 அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றிக் கொழும்பைவிட்டு வெளியேற்றினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அன்று ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ. பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய.

இப்படிப் புகுந்த மாளிகை நூதனசாலையாகவே நிலைத்த ஊரும் உண்டு. சைகோனில் 1975 ஏப்ரல் 30 அன்று டாங்கி வாயிலை இடித்து நுழைந்த சுதந்திர மாளிகை, நிலவறையும் தொலைத்தொடர்புக் கருவிகளும் சேர இன்றும் காட்சிக்கு இருக்கிறது. கொழும்பின் கண்காட்சி ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. 2022 ஜூலை 14இல் போராட்டக்காரர்கள் மாளிகையைத் திருப்பிக் கொடுத்தார்கள், கதவு மூடிக்கொண்டது.

2025 செப்டெம்பர் 10இல் முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. அடுத்த நாள் மகிந்த, விஜேராம மாவத்தை அரச இல்லத்தை விட்டுத் தங்காலைக்குப் போனார். இப்படிக் காலியாகும் வீடுகளில் ஒன்றையாவது ஒருநாள் நூதனசாலையாக்க அரசு நினைத்தால், பரிசுப் பொருட்களுக்குப் பக்கத்தில் அந்த 376 பேருக்கும் ஓர் அறை ஒதுக்கலாம்.